‘சர்க்கரை குறைந்துவிட்டது’: நீரிழிவுக் கல்விச் செயலிகளில் தமிழும் நோயறிவும்

ஆய்வுச் சுருக்கம்

நீரிழிவு உடையோருக்கு அந்நோயைப் பற்றிய அறிவைக் கைப்பேசி வழியாக ஊட்டும் முயற்சிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகியுள்ளன. இவற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவப் பயனையே அளக்கின்றன. அவற்றின் மொழியை ஒரு பனுவலாகக் கொண்டு திறனாய்வு செய்வது அரிதாகவே உள்ளது. தமிழில் நீரிழிவுக் கல்வி பேசப்படும்போது ‘சர்க்கரை’, ‘குறைவு’, ‘மயக்கம்’, ‘இயல்பு’, ‘பத்தியம்’ ஆகிய அன்றாடச் சொற்கள் எவ்வாறு பொருள்மயக்கத்தை உண்டாக்குகின்றன என்பதையும், அம்மயக்கம் நோயாளியின் உயிரோடு தொடர்புடையதாக எவ்வாறு அமைகின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. செயலி மருத்துவராகவோ மருந்தாகவோ அன்றி, உடனிருந்து துணைசெய்பவராக அமைவதே பொருந்தும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, கைப்பேசிச் செயலி, நோயாளர் கல்வி, மருத்துவத் தமிழ், பொருள்மயக்கம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற நாடளாவிய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. அவற்றின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள், மேலும் 13.6 கோடிப் பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர். இத்தனை பேருக்கும் நோயின் தன்மையை எடுத்துரைக்க மருத்துவரிடம் நேரம் இல்லை. நீரிழிவோ, மற்ற நோய்களைவிட மிகுதியாக நோயாளியின் அறிவைச் சார்ந்து நிற்பது. எதை உண்பது, எப்போது உண்பது, மாத்திரையைத் தவறவிட்டால் என்ன செய்வது, காலில் ஏற்பட்ட சிறு புண்ணை எப்படிக் கருதுவது என ஒவ்வொரு நாளும் பல முடிவுகளை நோயாளியே எடுக்க வேண்டியுள்ளது. இந்த இடைவெளியை நிரப்பவே கைப்பேசிவழிக் கல்வி வந்தது.

கல்வி என்பது மொழியால் நிகழ்வது. ஆகவே ஒரு கல்விச் செயலியின் தரத்தை அதன் நிரல், வடிவமைப்பு, பதிவிறக்க எண்ணிக்கை ஆகியவற்றால் மட்டும் மதிப்பிட இயலாது. அது எந்தச் சொல்லால் நோயைச் சுட்டுகின்றது, எந்த வினைமுற்றால் நோயாளியை விளிக்கின்றது, எந்த உருவகத்தால் உடலை விளக்குகின்றது என்பனவும் மதிப்பீட்டுக்கு உரியவை. இக்கட்டுரை செயலிகளைத் தரவரிசைப்படுத்தும் நோக்கம் உடையதன்று. நீரிழிவைத் தமிழில் கற்பிக்கும் எந்தச் செயலியும் தவிர்க்க இயலாத சில சொற்களையும் தொடர்களையும் எடுத்துக்கொண்டு அவற்றின் பொருட்பரப்பை ஆராய்கின்றது. கட்டுரையில் காட்டப்படும் அறிவுரைத் தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. குறிப்பிட்ட எந்தச் செயலியிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

பயனும் அதன் எல்லையும்

கைப்பேசிவழிக் கல்வி பயன் தருமா என்னும் வினாவுக்குச் சென்னையிலிருந்தே ஒரு விடை கிடைத்துள்ளது. ஏ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு நடத்திய ஆய்வின் முடிவு 2013ஆம் ஆண்டு வெளியானது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த, பணிக்குச் செல்லும் 537 ஆண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வாழ்க்கைமுறை மாற்றம் குறித்த குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. மற்றொரு பிரிவினருக்குத் தொடக்கத்தில் வழக்கமான அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் முடிவில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தனர். சில சொற்களே கொண்ட குறுஞ்செய்தி ஒரு நோயைத் தள்ளிப்போடக்கூடும் என்பதை இவ்வாய்வு காட்டியது.

இதில் கவனிக்கத்தக்கது அச்செய்திகள் அமைக்கப்பட்ட முறை. எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பப்படவில்லை. மாற்றத்தைப் பற்றி இன்னும் எண்ணாதவர், எண்ணத் தொடங்கியவர், செயலில் இறங்கியவர் என ஒருவர் நிற்கும் படிநிலையைக் கருத்திற்கொண்டு செய்திகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கேட்போர் யார் என அறிந்து பேசுதல் என்னும் பழைய நெறியின் புதிய வடிவமே இது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடைபெற்று 2011ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில் 163 நோயாளிகள் பங்கேற்றனர். நோயாளி தம் இரத்தச் சர்க்கரை அளவைக் கைப்பேசியில் பதிந்தவுடன் அந்த அளவுக்கு ஏற்ற செய்தி அவருக்கு வந்தது. தரவுகளின் தொகுப்பு அவருடைய மருத்துவருக்கும் சென்றது. ஓராண்டின் முடிவில் இப்பிரிவினரின் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 1.9 புள்ளி குறைந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 0.7 புள்ளி குறைந்தது. இங்கும் செயலி தனித்து நிற்கவில்லை. அதன் மறுமுனையில் ஒரு மருத்துவர் இருந்தார்.

இந்திய அரசு 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் நீரிழிவு குறித்த குறுஞ்செய்தித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு தவறிய அழைப்பின் மூலம் எவரும் அதில் இணையலாம் என்னும் ஏற்பாடு செய்யப்பட்டது. திறன்பேசி இல்லாதவரையும் எட்ட முடியும் என்பது இதன் சிறப்பு. எனினும் குறுஞ்செய்தி என்பது எழுத்து. எழுத்து என்றால் எந்தத் தமிழ் என்னும் வினா உடனே எழுகின்றது.

பெயரில் தொடங்கும் மயக்கம்

இந்நோய்க்குத் தமிழில் பெயர்கள் பல. ‘நீரிழிவு’ என்பது சித்த மருத்துவ வழியில் வந்து இன்று பொது எழுத்து வழக்காகியுள்ளது. ‘மதுமேகம்’ வடமொழி மருத்துவ மரபைச் சார்ந்தது. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் ‘சர்க்கரை வியாதி’, ‘சுகர்’ என்பன பெருவழக்கு. இலங்கையில் ‘சலரோகம்’, ‘சீனி வருத்தம்’ ஆகிய சொற்கள் உண்டு. மலேசியத் தமிழில் ‘இனிப்பு நீர்’ என்னும் வழக்கு உள்ளது. இவற்றுள் சில, சிறுநீரின் மிகுதியையோ இனிப்பையோ கொண்டு பெயரிடுகின்றன. மற்றவை உண்ணும் இனிப்பைக் கொண்டு பெயரிடுகின்றன.

பெயரிடும் முறை நோயறிவை வடிவமைக்கின்றது. ‘சர்க்கரை வியாதி’ என்னும் பெயரில் ‘சர்க்கரை’ ஒரே நேரத்தில் மூன்றைச் சுட்டுகின்றது: தேநீரில் இடும் பொருள், இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், நோய். “எனக்குச் சர்க்கரை இருக்கிறது” என்னும் தொடரில் மூன்றும் கலந்து நிற்கின்றன. இதன் விளைவாக, இனிப்பை உண்டதால் நோய் வந்தது, இனிப்பை விட்டால் நோய் நீங்கும் என்னும் முடிவு இயல்பாகவே எழுகின்றது. தேநீரில் சர்க்கரையை நிறுத்திய ஒருவர் மூன்று வேளையும் சோறும் இட்லியும் அளவின்றி உண்டுகொண்டு, தாம் கட்டுப்பாட்டுடன் இருப்பதாக நம்புவதற்கு இப்பெயரும் ஒரு காரணம். கருப்பட்டியும் தேனும் ‘சர்க்கரை’ என்னும் பெயரைத் தாங்காததால் தீங்கற்றவை எனக் கருதப்படுகின்றன. கேழ்வரகு நல்லது என்னும் பொது அறிவு, நன்கு அரைத்த மாவில் செய்த கூழும் இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தக்கூடும் என்பதை மறைத்துவிடுகின்றது.

வட்டார வேறுபாடு இம்மயக்கத்தைப் பெருக்குகின்றது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் வெள்ளைச் சர்க்கரை ‘சீனி’ எனப்படும். இலங்கையில் ‘சர்க்கரை’ என்றால் வெல்ல வகையையே குறிக்கும். சென்னையில் எழுதப்பட்ட ஓர் அறிவுரை “மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்” என்று சொன்னால், யாழ்ப்பாணத்து வாசகர் வேறொரு பொருளைத் தேடிச் செல்வார். அவசர வேளையில் இத்தேடலே காலத்தாழ்வாகும். எனவே கல்விச் செயலியின் முதற்பாடம் பெயரைப் பிரித்துக்காட்டுவதாக அமைதல் வேண்டும். ‘இரத்தக் குளுக்கோஸ்’ என்னும் கடன்சொல்லை ஏற்று, உண்ணும் பொருளுக்கு மட்டும் ‘சர்க்கரை’ அல்லது ‘சீனி’ என்பதை வழங்குவது இங்குத் தெளிவு தரும்.

‘குறைவு’ என்னும் நற்செய்தி

பொருள்மயக்கங்களுள் மிகவும் ஆபத்தானது ‘குறைவு’ என்னும் சொல்லைச் சார்ந்தது. நீரிழிவு உடையவரின் குடும்பத்தில் “சர்க்கரை குறைந்துவிட்டது” என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. மருத்துவரும் செயலியும் மாதக்கணக்கில் குறைக்கச் சொன்னது அதைத்தான். ஆனால் இன்சுலின் அல்லது சில வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்பவரின் இரத்தக் குளுக்கோஸ் 70 மி.கி. அளவுக்குக் கீழே இறங்கினால் அது உடனடிக் கவனம் வேண்டும் நிலை. மேலும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இந்த அவசர நிலையைக் குறிக்கவும் தமிழில் ‘சர்க்கரை குறைவு’ என்றே எழுதப்படுகின்றது. நற்செய்திக்கும் எச்சரிக்கைக்கும் ஒரே சொல் வழங்குகின்றது.

ஆங்கிலத்தில் இலக்கை நோக்கிய குறைவுக்கும் ஆபத்தான தாழ்வுக்கும் தனித்தனிச் சொற்கள் மருத்துவர்வழி நோயாளியை அடைந்துள்ளன. தமிழில் கலைச்சொல்லாக்கத்தில் ‘தாழ்சர்க்கரை’ முதலிய ஆக்கங்கள் தோன்றின. அவை சொல்லமைப்பில் பிழையற்றவை. ஆயினும் அச்சத்தையோ அவசரத்தையோ உணர்த்துவதில்லை. வியப்பு என்னவெனில், மக்கள் தாங்களாகவே இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டுள்ளனர். “சுகர் குறைஞ்சிருக்கு” என்பது நற்செய்தியாகவும், “லோ ஆயிடுச்சு” என்பது அபாயமாகவும் பேச்சு வழக்கில் பிரிந்து நிற்கின்றன. ‘லோ’ என்னும் கடன்சொல் ஒரு நிலையை மட்டுமே குறித்து, தமிழ்ச் சொல்லால் இயலாத வேறுபாட்டைச் செய்கின்றது.

செயலியை எழுதுவோர் இங்கு இரு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, மக்கள் வழக்கான ‘லோ சுகர்’ என்பதை அப்படியே ஏற்பது. மற்றொன்று, ‘சர்க்கரைச் சரிவு’ போன்று தமிழிலேயே எதிர்மறைச் சாயல் உடைய சொல்லை வழங்கி, அதனைத் தொடக்கத்தில் ‘லோ சுகர்’ என்பதோடு இணைத்துப் பழக்குவது. ‘சரிவு’ என்னும் சொல் விலைச் சரிவு, மண்சரிவு ஆகிய வழக்குகளால் விரும்பத்தகாத நிகழ்வை உணர்த்துவது. எந்த வழியாயினும் ‘குறைவு’ என்னும் சொல்லை அவசர நிலைக்கு வழங்காதிருத்தல் அடிப்படை விதியாதல் வேண்டும்.

‘மயக்கம்’: ஒரு சொல், இரு நிலைகள்

சர்க்கரைச் சரிவின் அறிகுறிகளாக வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி ஆகியவற்றோடு ‘மயக்கம்’ என்பதும் பட்டியலிடப்படும். தமிழில் ‘மயக்கம்’ என்பது தலைசுற்றலையும் குறிக்கும். நினைவிழந்து விழுதலையும் குறிக்கும். “மயக்கமாக இருக்கிறது” என்று சொல்பவர் பேசக்கூடிய நிலையில் உள்ளார். “மயக்கம் போட்டுவிட்டார்” என்று சொல்லப்படுபவர் பேசக்கூடிய நிலையில் இல்லை.

இவ்விரு நிலைகளுக்கும் செய்ய வேண்டியவை நேர்மாறானவை. நினைவோடு உள்ளவருக்கு 15 கிராம் அளவுள்ள, விரைவில் செரிக்கும் இனிப்பை வாய்வழியாகக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும் என்பது பொதுவாகக் கற்பிக்கப்படும் முறை. நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுத்தல் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கு ஊறு செய்யும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்நிலையில் “மயக்கம் ஏற்பட்டால் சர்க்கரைக் கரைசல் கொடுக்கவும்” என்று ஒரு செயலி எழுதினால், அத்தொடர் இலக்கணப்படி சரியானது. ஒரு நிலையில் உயிரைக் காப்பது, மற்றொரு நிலையில் உயிரைப் போக்குவது.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அகராதியின் துணையோடு இப்பிழையைக் காண இயலாது. அகராதியில் இரு பொருளும் சரியானவையே. அறிவுரையைப் பெறுபவர் அந்நேரத்தில் என்ன செய்வார் என்று எண்ணிப்பார்ப்பவரே காண இயலும். ‘தலைசுற்றல்’, ‘நினைவு தப்புதல்’ என இருவேறு சொற்களை வழங்குவதும், “அவரால் பேசவும் விழுங்கவும் முடிகிறதா?” என்னும் வினாவை முதலில் வைப்பதும் இம்மயக்கத்தைத் தீர்க்கும்.

இயல்பு நிலையும் பத்தியமும்

பரிசோதனை முடிவு இலக்குக்குள் இருக்கும்போது “உங்கள் சர்க்கரை அளவு இயல்பாக உள்ளது” என்று அறிவிப்பது பாராட்டும் நோக்குடையது. ஆனால் ‘இயல்பு’ அல்லது ‘நார்மல்’ என்னும் சொல் நோய் நீங்கியதாகவும் பொருள் தரும். காய்ச்சல் தணிந்து உடல்வெப்பம் இயல்பானால் மருந்தை நிறுத்துவது நம் அனுபவம். அதே தருக்கத்தால் நீரிழிவு மாத்திரையும் நிறுத்தப்படுகின்றது. அளவு இலக்குக்குள் இருப்பது மருந்தும் உணவும் நடையும் சேர்ந்து செய்த வேலை. அவற்றை நிறுத்தினால் அளவும் மாறும். ஆகவே “மருந்தோடு உங்கள் அளவு இலக்குக்குள் உள்ளது, தொடருங்கள்” என்னும் தொடரே உண்மைக்கு நெருக்கமானது. ‘மருந்தோடு’ என்னும் ஒரு சொல்லை விடுவதில் பொருள் முழுவதும் மாறிவிடுகின்றது.

‘பத்தியம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. தமிழ் மருத்துவ மரபில் நன்கு வேரூன்றிய, கட்டுப்பாட்டை மதிக்கச் செய்யும் சொல் இது. ஆனால் பத்தியத்துக்கு முடிவு உண்டு. மகப்பேற்றுப் பத்தியம், அம்மைப் பத்தியம், மருந்துப் பத்தியம் என எல்லாமே ஒரு நாளில் தொடங்கி மற்றொரு நாளில் முடிபவை. முடிந்தபின் விலக்கியவற்றை மீண்டும் உண்பது வழக்கம். வாழ்நாள் முழுதும் தொடரும் உணவு ஒழுங்கைப் பத்தியம் என்று அழைத்தால், அது எப்போது முடியும் என்னும் எதிர்பார்ப்பும் உடன்வரும். மரபுச் சொல்லை எடுத்தாளும்போது அதன் காலஎல்லையும் சேர்ந்தே வருகின்றது என்பதைச் செயலி எழுதுவோர் கருதுதல் வேண்டும்.

எண்களும் மொழியே

நீரிழிவுக் கல்வியில் எண்கள் பேரிடம் பெறுகின்றன. எண் எம்மொழிக்கும் பொதுவானது என்னும் நம்பிக்கையால் செயலிகள் எண்ணை விளக்கமின்றி விட்டுவிடுவதுண்டு. ‘7’ என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 7 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது வயதுவந்தோர் பலருக்கும் பரிந்துரைக்கப்படும் இலக்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரத்தக் குளுக்கோஸ் மில்லிமோல் அலகில் அளக்கப்படுகின்றது. அங்கு உணவுக்கு முன் 7.0 என்பது இந்திய அலகில் 126 மி.கி.க்குச் சமம், அதாவது நீரிழிவைக் கண்டறியும் எல்லைக்கோடு. ஹெச்பிஏ1சி 7 விழுக்காடு என்பதோ ஏறத்தாழ 154 மி.கி. சராசரியைக் குறிக்கும். ஒரே எண் மூன்று பொருள் தருகின்றது. உலகத் தமிழர் அனைவருக்குமாக எழுதப்படும் செயலி அலகைக் குறிப்பிடாது எண்ணை மட்டும் காட்டுவது பொருளற்ற செய்தியாகும்.

இங்கும் மக்கள் வழக்கு ஒரு நல்ல முன்மாதிரியைத் தந்துள்ளது. ஹெச்பிஏ1சி பரிசோதனையை மக்கள் ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று அழைக்கின்றனர். இரத்தச் சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், இப்பரிசோதனை அண்மைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகின்றது. வேதியியற் பெயரின் மொழிபெயர்ப்பைவிட இப்பெயர் கற்பவருக்கு மிகுந்த பயன் தருவது. சோதனைக்கு முந்தைய நாள் மட்டும் உணவைக் குறைத்துக்கொண்டு வருவதில் பயனில்லை என்பதை இப்பெயரே கற்பித்துவிடுகின்றது.

உணவின் அளவைக் கூறுவதிலும் இதே நோக்கு வேண்டும். ‘ஒரு கிண்ணம் சோறு’ என்பதில் கிண்ணத்தின் அளவு வீட்டுக்கு வீடு வேறுபடும். ‘ஒரு கரண்டி’ என்பது குழம்புக் கரண்டியா, தேக்கரண்டியா என்பது தெளிவில்லை. படத்தில் தட்டையும் அதில் சோறு, காய்கறி, பருப்பு ஆகியவற்றின் பங்கையும் காட்டுவது அளவுச் சொற்களின் குறையை ஓரளவு நிறைவு செய்யும்.

ஏவல், வேண்டுகோள், காரணம்

அறிவுரையின் வினைமுற்று செயலிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவை அமைக்கின்றது. ‘நடக்கவும்’, ‘தவிர்க்கவும்’, ‘உண்ணவும்’ என்னும் ‘செய்யவும்’ வாய்பாடு அலுவலக அறிவிப்புகளிலும் படிவங்களிலும் பயில்வது. அதில் பேசுபவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. ஆணை மட்டும் உள்ளது. ‘நடங்கள்’ என்பதில் மதிப்புடன் ஒருவர் விளிக்கப்படுகின்றார். ‘நடந்துபாருங்கள்’ என்பதில் முயற்சிக்கு இடம் தரப்படுகின்றது. தவறினாலும் மீண்டும் தொடங்கலாம் என்னும் குறிப்பு அதில் உண்டு. மாற்றத்தைப் பற்றி இன்னும் எண்ணாதவருக்கு ‘நடக்கவும்’ என்பது செவியில் விழாது. செயலில் இறங்கியவருக்கு அது தேவையில்லை.

இவற்றினும் முதன்மையானது காரணம் கூறுதல். “உணவுக்குப் பின் நடங்கள்” என்பது கட்டளை. “உணவுக்குப் பின் நடந்தால் தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும், அதனால் அளவு அதிகம் ஏறாது” என்பது கல்வி. முன்னதைப் பெற்றவர் மழைநாளில் நடையை விட்டுவிடுவார். பின்னதைப் பெற்றவர் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம் எனத் தாமே முடிவு செய்வார். கல்விச் செயலி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் எதுவும் கட்டளைத் தொடர்களைவிடக் காரணத் தொடர்களை மிகுதியாகக் கொண்டிருத்தல் வேண்டும். இதனை எண்ணிப் பார்த்தே அளவிடலாம்.

யாரை விளிப்பது என்பதும் ஒரு சிக்கல். கைப்பேசி ஒருவரிடமும் அடுப்பு மற்றொருவரிடமும் இருக்கும் இல்லங்களே மிகுதி. மேற்குறித்த சென்னை ஆய்வில் பங்கேற்றோர் அனைவரும் ஆண்கள். அவர்களுக்கு வந்த உணவு அறிவுரையைச் செயற்படுத்தியிருக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் அவர்தம் வீட்டுப் பெண்கள். நீரிழிவு உடைய பெண்ணோ, வீட்டார் அனைவருக்கும் சமைத்துவிட்டுத் தமக்கென வேறு சமைக்கத் தயங்குபவர். ‘நீங்கள்’ என்பதை ஒருமை மதிப்புப் பொருளில் மட்டும் கொள்ளும் செயலி இவ்வுண்மையைத் தவறவிடுகின்றது. அது குடும்பம் முழுவதையும் உளப்படுத்தும் பன்மையாக ஒலிக்கும்படி அறிவுரையை அமைக்க இயலும்.

உருவகமும் விளையாட்டும்

வியன்னாவில் தோன்றி 2017ஆம் ஆண்டு ரோஷ் நிறுவனத்தின் வசமான ‘மைசுகர்’ செயலி, நீரிழிவை ஒரு குட்டி அரக்கனாக உருவகிக்கின்றது. பயனர் தம் அளவுகளைப் பதியப் பதியப் புள்ளிகள் சேரும், அரக்கன் பழக்கப்படுத்தப்படும். அச்செயலியை நிறுவியவர்களுள் நீரிழிவு உடையவர்களும் இருந்தனர். நோயை நகைப்போடு எதிர்கொள்ளும் அவர்களின் நோக்கு அவ்வுருவகத்தில் வெளிப்படுகின்றது. அரக்கனைக் கொல்லாது பழக்குதல் என்பதில் நுட்பம் உள்ளது. நோய் நீங்காது, ஆனால் உடன்வாழப் பழகலாம் என்பதை அது உணர்த்துகின்றது.

இவ்வுருவகம் தமிழுக்கு அப்படியே பெயருமா என்பது ஐயத்திற்குரியது. தமிழ்ப் புராண மரபில் அரக்கன் பெரும்பாலும் அழிக்கப்படுபவன், பழக்கப்படுபவன் அல்லன். ‘அரக்கன்’ என்று மொழிபெயர்த்தால் ஒழித்துக்கட்டும் போர் உருவகமே மேலெழும். போர் என்றால் வெற்றி என்னும் முடிவு உண்டு என்னும் எதிர்பார்ப்பும் எழும். தமிழ் வாழ்வில் பழக்குதல் என்னும் கருத்துக்கு உரியவை யானையும் காளையும். அன்றாடம் தீனியும் நீரும் காட்டி, மனநிலை அறிந்து, ஒருநாளும் கவனம் தப்பாது நடத்த வேண்டிய விலங்கின் உருவகம் நீரிழிவின் தன்மைக்குப் பொருந்துவது. உருவகத்தை மொழிபெயர்ப்பதற்கு மாறாக, அது செய்யும் பணியைச் செய்யக்கூடிய வேறோர் உருவகத்தைத் தேடுவதே இங்குத் தேவை.

புள்ளி வழங்கும் முறையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பதிவு செய்தலுக்குப் புள்ளி வழங்குவது வேறு. நல்ல அளவுக்குப் புள்ளி வழங்குவது வேறு. பின்னது, உயர்ந்த அளவைப் பதியாது மறைக்கத் தூண்டும். கற்பதற்கு உரிய பிழையே அதனால் ஏட்டிலிருந்து மறைந்துவிடும்.

நான்காம் கூறு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயருடையது. அதன் பெரும்பகுதி மருந்தைப் பேசாது, உண்ணும் அளவையும் முறையையுமே பேசுகின்றது. அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தை முறைப்படி கொடுப்பவர். இப்பகுப்பு நீரிழிவுச் செயலியின் இடத்தைத் தீர்மானிக்கத் துணைசெய்கின்றது.

செயலி மருத்துவராக இயலாது. இந்திய அரசு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், செயற்கை நுண்ணறிவை அடிப்படையாகக் கொண்ட தளங்கள் தாமாக நோயாளிக்கு ஆலோசனை வழங்குவதையும் மருந்து பரிந்துரைப்பதையும் அனுமதிக்கவில்லை. பதிவுபெற்ற மருத்துவருக்குத் துணையாக அவை அமையலாம். செயலியை மருந்தாகக் கருதும் நோக்கும் உலகில் உண்டு. செருமனியில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சில செயலிகளை மருத்துவர் சீட்டிலேயே எழுதித் தரலாம். ஆனால் கல்வி, மாத்திரையைப் போல விழுங்கப்படுவதன்று.

எஞ்சியது நான்காம் கூறு. உடனிருப்பவருக்கு நோயாளியின் வீடு, பேச்சு, அச்சம், சமையல் ஆகியன தெரியும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதேடிச் சென்று நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை வழங்குகின்றனர். நான்காம் கூற்றின் இன்றைய வடிவம் இதுவே. செயலி இவருக்கு மாற்றாகாது. இவர் கையில் இருக்கும் கருவியாகலாம். அவர் வாசலில் நின்று விளக்கும்போது பயன்படும் படமும் ஒலிப்பதிவும், அவர் இல்லாத நாளில் நோயாளிக்கு எழும் ஐயத்துக்கு விடையும் தருவதாக அது அமையலாம். எழுத்து வாசிக்கத் தயங்கும் முதியோருக்குப் பேச்சுத் தமிழில் அமைந்த ஒலிச்செய்தி பொருத்தமானது.

ஒரு மறுப்பும் விடையும்

நோயாளிகள் ஏற்கெனவே ‘சுகர்’, ‘லோ’, ‘டெஸ்ட்’ என்று பேசுகின்றனர். அதையே எழுதிவிட்டால் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று வினவலாம். இதில் பாதி உண்மை உள்ளது. ‘லோ’ என்பது தமிழ்ச் சொல் செய்யாத பணியைச் செய்வதை மேலே கண்டோம். ஆனால் கடன்சொல் எல்லா இடத்திலும் தெளிவு தருவதில்லை. ‘சுகர்’ என்பது ‘சர்க்கரை’யின் மும்மயக்கத்தை அப்படியே தாங்குகின்றது, ‘நார்மல்’ என்பது ‘இயல்பு’ செய்யும் தீங்கையே செய்கின்றது. எனவே தமிழ்ச் சொல்லா, கடன்சொல்லா என்பது அடிப்படை வினாவன்று. கேட்பவர் தவறாகச் செயற்பட அச்சொல் இடம் தருகின்றதா என்பதே அளவுகோல்.

இத்தகைய பணிக்குத் தமிழில் முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ்வழியே மேலை மருத்துவத்தைக் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவர் காலத்தில் கலைச்சொல்லைப் பயன்படுத்தியோர் மருத்துவ மாணவர். இன்று அதனைப் பயன்படுத்துவோர், தனியே வீட்டில் இருந்து திரையைப் பார்க்கும் நோயாளி. ஐயம் கேட்க ஆசிரியர் எதிரில் இல்லை. ஆகவே இன்றைய சொல்லாக்கத்தின் பொறுப்பு அன்றையதினும் பெரிது.

முடிவுரை

நீரிழிவுக் கல்விச் செயலிகள் பயன் தரக்கூடியவை என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அப்பயன் கேட்பவரின் நிலையறிந்து பேசும் மொழியாலும், மறுமுனையில் மனிதர் ஒருவர் இருப்பதாலும் விளைந்தது. தமிழில் இச்செயலிகளை எழுதும்போது ‘சர்க்கரை’, ‘குறைவு’, ‘மயக்கம்’, ‘இயல்பு’, ‘பத்தியம்’ ஆகிய ஐந்து சொற்களும் தனிக்கவனம் வேண்டுவன. அவசர நிலைச் சொற்கள் ஒரே செயலை மட்டும் தூண்டுவனவாதல் வேண்டும். எண்கள் அலகோடும் விளக்கத்தோடும் வருதல் வேண்டும். கட்டளையினும் காரணம் மிகுதல் வேண்டும்.

இவற்றை நிறைவேற்றுவது மருத்துவரால் மட்டும், நிரலாளரால் மட்டும் இயலும் பணியன்று. பொருண்மையியல், வட்டார வழக்காய்வு, கலைச்சொல்லாக்கம் ஆகிய துறைகளில் பயிற்சி பெற்ற தமிழாய்வாளரின் பங்கும் இதில் தேவை. செயலியின் சொற்பட்டியல் வெளியிடப்படுவதற்கு முன் பல வட்டார நோயாளிகளிடம் படித்துக்காட்டி, “இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என வினவும் கள ஆய்வு அதன் முதற்படியாகலாம். தமிழ்த்துறைகளும் மருத்துவக் கல்லூரிகளும் இணைந்து செய்யத்தக்க ஆய்வு இது.